ராக்கெட் விடும் மூச்சு இருட்டில் ஏன் ஒளிர்கிறது? செங்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு விளக்கம்

செங்கத்தில் ஒரு மொட்டை மாடியில் நின்று வடகிழக்கே பார்த்தால், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. தரையில் அங்கே நடப்பது எதுவும் இங்கே தெரியாது. ஆனால் ராக்கெட் 100 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிட்டால் கதையே வேறு. அந்த உயரத்தில் இருப்பதை, மேகம் மறைக்காவிட்டால், 1,100 கி.மீ. தள்ளி இருப்பவர்கூட அடிவானத்துக்கு மேலே பார்க்கலாம். அதனால்தான் ஒரு ராக்கெட் கிளம்பினால் ஆந்திரக் கடற்கரையில் இருப்பவரும் ஜவ்வாது மலையில் இருப்பவரும் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு வெவ்வேறு கதை சொல்கிறார்கள்.

கதைக்குப் பஞ்சமே இல்லை. "வானத்துல ஜெல்லி மீன் மாதிரி ஒண்ணு போச்சு, பார்த்தீங்களா?" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் போடுவார். வால் நட்சத்திரம் என்பார் இன்னொருவர். பறக்கும் தட்டு என்று அடித்துச் சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். கடைசியில் விஷயம் தெரிந்த யாராவது "அட, ராக்கெட் புகைங்க" என்று முடித்து வைப்பார்.

அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். புகைக்கு ஏது சொந்த வெளிச்சம்? அடுப்புப் புகை ராத்திரியில் மினுங்குவதில்லையே. விண்கலத்தின் இன்ஜினிலிருந்து வெளியேறும் வாயு மேல்வளிமண்டலத்தில் ஒளிர மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்றில் வெளிச்சம் சூரியனிடம் கடன் வாங்கியது. மற்ற இரண்டிலும் வெளிச்சம் அங்கேயே பிறக்கிறது. மூன்றாவது வகைதான் இப்போது வானியலாளர்களை யோசிக்க வைத்திருக்கிறது. செங்கத்திலிருந்து நேர்வடக்கே 30 கி.மீ. தூரத்தில் உள்ள காவலூருக்கும் அது சம்பந்தப்பட்ட விஷயம்.

கடன் வாங்கிய வெளிச்சம்

முதல் வகை எளிது. சூரியன் மறைந்ததும் செங்கத்துத் தெருவில் இருட்டிவிடுகிறது. ஆனால் அதே ஊருக்கு மேலே 100 கி.மீ. உயரத்தில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கும். கணக்குப் போட்டால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 10 பாகை இறங்கும்வரை அந்த உயரத்தில் வெயில் உண்டு. நம் பக்கத்தில் அது மறைந்து சுமார் 40 நிமிடம். 18 பாகை இறங்கினால் வானம் முழு இருட்டு. அப்போதும் 330 கி.மீ.க்கு மேலே வெயில்தான். விடியலில் இதே கணக்கு தலைகீழாக ஓடும்.

இந்த நேரத்தில் ராக்கெட் போனால், அதன் வாயு காற்றில்லாத உயரத்தில் தடையின்றி நாலாபக்கமும் விரியும். விரிந்த வாயுவும் அதில் உறைந்த துகள்களும் வெயிலைச் சிதறடிக்கும். கீழே இருட்டு, மேலே வெயில், நடுவே பல நூறு கி.மீ. அகலத்துக்கு ஒரு வெண்நீலத் தாமரை. 2022 டிசம்பர் 15 மாலை ஒடிசா கடற்கரையின் அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டபோது மேற்கு வங்கம் முழுக்க மக்கள் தெருவுக்கு வந்து பார்த்தது இதைத்தான். டிசம்பரில் அந்தப் பக்கம் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டிருக்கும். ஏவுகணையின் பாதைக்கு மட்டும் வெயில் இருந்தது.

மாறாக, 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு பிஎஸ்எல்வி-சி60 கிளம்பியது இரவு 10 மணிக்கு. அந்நேரத்துக்கு வெயில் படவேண்டும் என்றால் பல ஆயிரம் கி.மீ. உயரம் போகவேண்டும். எனவே நெருப்புக் கோடு தெரிந்திருக்கும். தாமரை விரிய வாய்ப்பே இல்லை. அடுத்த மாதம், 2025 ஜனவரி 29 காலை 6.23-க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்15 போனது. ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதல் அது. சூரியன் எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முந்தைய நேரம். இதுதான் கடன் வெளிச்சத்துக்குத் தோதான பொழுது. ஆக, வானத்தில் எதையாவது பார்த்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

இந்தக் கடன் வெளிச்சத்தை விஞ்ஞானிகள் வேண்டுமென்றே பயன்படுத்தியதும் உண்டு. இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்கமே அப்படித்தான். 1963 நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவிலிருந்து அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் பிரான்ஸ் தந்த சோடியம் ஆவிக் கருவியோடு கிளம்பியது. மேலே போய்ச் சோடியத்தைக் கக்கியது. சோடியம் அணு வெயிலில் இருக்கும் குறிப்பிட்ட மஞ்சள் நிறத்தை மட்டும் உறிஞ்சி அதே நிறத்தைத் திருப்பி வீசும். பழைய தெருவிளக்கின் அதே மஞ்சள். அந்தி வானத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று நெளிந்தது. அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நெளிகிறது என்று வெவ்வேறு இடங்களிலிருந்து படம் பிடித்தால், எந்தக் கருவியையும் நிறுத்தி வைக்க முடியாத அந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கிடலாம். இஸ்ரோ என்ற பெயரே பிறக்காத காலம். இந்திய மண்ணிலிருந்து போன முதல் ராக்கெட் வானத்தில் வரைந்தது ஒரு ஒளிக்கோட்டைத்தான்.

மோதலில் பிறக்கும் ஒளி

இரண்டாவது வகைக்கு வெயில் வேண்டாம். அதற்கு வேண்டியது வேகமும் ஆக்சிஜனும்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு. 100 கி.மீ.க்கு மேலே சூரியனின் புறஊதாக் கதிர்கள் அந்த ஜோடியைப் பிரித்துவிடுகின்றன. விண்கலங்கள் சுற்றும் 300 கி.மீ. வாக்கில் மிச்சமிருக்கும் மெல்லிய காற்றில் பெரும்பகுதி தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள்தான். ஜோடி தேடிக்கொண்டிருக்கும் அணு எதன்மீது பட்டாலும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும்.

அந்த அணுக்கள் ஓரளவுக்குச் சும்மாதான் மிதக்கின்றன. விண்கலம்தான் நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் போய் அவற்றின்மேல் விழுகிறது. பைக்கில் வேகமாகப் போகும்போது லேசான தூறல்கூட முகத்தில் ஊசியாகக் குத்தும் இல்லையா? அதே கணக்கு.

1982 மார்ச்சில் கொலம்பியா விண்ணோடம் மூன்றாம் முறை பறந்தபோது எடுத்த படங்களில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. இருட்டில் விண்ணோடத்தின் வாலைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிப்படலம், விளக்கு எதுவும் போடாமலே. திசை மாற்றும் சிறு இன்ஜின்களை, அதாவது த்ரஸ்டர்களை, இயக்கியதும் அந்தப் படலம் பளிச்சென்று கூடிவிட்டுப் பிறகு மெல்ல அடங்கியது. பின்னாளில் கிடைத்த விளக்கம்: விண்ணோடத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நைட்ரிக் ஆக்சைடோடு ஆக்சிஜன் அணு வந்து சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிறது, சேர்ந்த வேகத்தில் மிஞ்சும் ஆற்றல் ஒளியாகக் கழிகிறது. நகரத்துக் காற்றைப் பழுப்பாக்கும் அதே வாயு, மேலே விண்கலத்துக்கு விளக்குப் போடுகிறது.

அது மேற்பரப்பில் நடப்பது. த்ரஸ்டரிலிருந்து வெளியே பாயும் வாயுவே எப்படி ஒளிர்கிறது என்பது அடுத்த கேள்வி. விண்ணோடத்தில் 38 பெரிய த்ரஸ்டர்களும் 6 குட்டி த்ரஸ்டர்களும் உண்டு. எரிபொருள் மோனோமெத்தில் ஹைட்ரசின். அதை எரிக்க நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி தேவையில்லை. நம் பிஎஸ்எல்வியின் கடைசி அடுக்கில் எரிவதும் ஏறத்தாழ இதே ஜோடிதான். எரிந்து முடித்து வெளியே வருவது பெரும்பாலும் நீராவி, நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, சரியாக எரியாத எரிபொருளின் உதிரித் துண்டுகள்.

இங்கேதான் சுவாரசியம். த்ரஸ்டர் வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 3 கி.மீ.க்கு மேல். அதை விண்கலம் போகும் திசையிலேயே முன்பக்கம் பீய்ச்சினால் இரண்டு வேகமும் கூடி, ஆக்சிஜன் அணுவோடு நொடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகத்தில் மோதும். பின்பக்கம் பீய்ச்சினால் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து 5 கி.மீ.க்கும் குறைவு. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் முன்பக்க மோதலுக்கு ஐந்து மடங்கு வலு. சாதாரணமாக நடக்காத வேதிவினைகளை நடத்திவிட அது போதும். எனவே ஒரே இன்ஜின், ஒரே எரிபொருள், திசை மட்டும் மாறினால் ஒளியும் மாறுகிறது. தூரத்திலிருந்து ஒளியை அளப்பவருக்கு விண்கலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கே அது ஒரு துப்பு.

ஹவாயின் மௌயி தீவு மலையுச்சியில் இருக்கும் அமெரிக்க விமானப்படையின் தொலைநோக்கிகள் விண்ணோடம் தலைக்கு மேலே போகும்போது த்ரஸ்டரை இயக்கச் சொல்லி அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தன. ராணுவத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்க வேண்டியதில்லை. ஏவுகணையை அதன் மூச்சுக்காற்றை வைத்தே அடையாளம் காணும் ஆசைதான். கிடைத்த ஒளியில் புறஊதாவில் 336 நானோமீட்டரில் ஒரு கோடு இருந்தது. ஹைட்ரசின் உடைந்து மிஞ்சும் நைட்ரஜன்-ஹைட்ரஜன் துண்டின் கையெழுத்து அது. மோதலில் அதிரும் நீராவி, கார்பன் மோனாக்சைடு போன்றவை வீசுவது அகச்சிவப்பு. இரண்டுமே மனிதக் கண்ணுக்கு எட்டாதவை. கண்ணுக்குத் தெரியும் பங்கு கொஞ்சம்தான். அதனால் செங்கத்து மாடியில் நிற்பவர் இந்த இரண்டாம் வகையை வெறும் கண்ணால் பார்க்க வாய்ப்பு அநேகமாக இல்லை. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் நல்ல கருவி வைத்திருப்பவர்களுக்குமான காட்சி அது.

வானத்தில் விழும் சிவப்பு ஓட்டை

மூன்றாவது வகை அப்படியல்ல. அதைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள்.

2023 முதல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் மெக்டொனால்ட் வானாய்வகத்தின் முழுவானக் கேமராக்களில் அவ்வப்போது ஒரு சிவப்புப் பந்து பதிவாகத் தொடங்கியது. சில நிமிடங்களில் பெரிதாகி, மங்கி, மறைந்துவிடும். மாதத்துக்கு 2 முதல் 5 வரை தெரிகிறது என்று அங்குள்ள வானியலாளர் ஸ்டீபன் ஹம்மல் கணக்குச் சொன்னார். நேரத்தை ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 கிளம்பி சுமார் 90 நிமிடம் கழித்து, வேலை முடிந்த அதன் இரண்டாம் அடுக்கைக் கடலில் விழவைக்க இன்ஜினை மறுபடி கொஞ்ச நேரம் இயக்குகிறார்கள். உயரம் 300 கி.மீ. வாக்கில். சரியாக அந்த இடத்தில்தான் சிவப்பு. அதே ஆண்டு ஜூலை 19 அன்று கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஃபால்கன்-9, ஏறிப்போகும்போதே அரிசோனா வானத்தில் இதே போன்ற சிவப்பைப் பூசிவிட்டுப் போனது.

காரணம் அயனி மண்டலம். அந்த உயரத்தில் சூரியக் கதிர் பட்ட ஆக்சிஜன் அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரானை இழந்து, அயனிகளும் எலக்ட்ரான்களுமாகக் கலந்து மிதக்கின்றன. சூரியன் மறைந்ததும் இரண்டும் உடனே சேர்ந்துவிட வேண்டியதுதானே? சேராது. தனி அணு அயனி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்வது மிக மிக மெதுவான வேலை. மிஞ்சும் ஆற்றலைக் கழிக்க அதற்கு வழி கிடைப்பதில்லை. அதனால்தான் இரவிலும் அயனி மண்டலம் உயிரோடு இருக்கிறது. பழைய சிற்றலை வானொலியில் ராத்திரி இலங்கையும் பிபிசியும் கேட்டது அந்தத் தயவில்தான்.

இதற்குள் ராக்கெட் நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் கொட்டினால் எல்லாம் மாறிவிடும். ஆக்சிஜன் அயனி தன் மின்னேற்றத்தை இந்த மூலக்கூறுகளிடம் தள்ளிவிடும். மூலக்கூறு அயனி எலக்ட்ரானைப் பல ஆயிரம் மடங்கு வேகமாகப் பிடிக்கும். பிடித்த கையோடு இரண்டாக உடைந்து மிச்ச ஆற்றலைக் கழித்துக்கொள்ளும். உடைந்து வரும் ஆக்சிஜன் அணு சில நேரம் கூடுதல் ஆற்றலோடு வெளியே வருகிறது. அது சுமார் இரண்டு நிமிடம் பொறுத்திருந்துவிட்டு 630 நானோமீட்டர் சிவப்பாக அந்த ஆற்றலை விடும்.

இரண்டு நிமிடம் என்பது ஓர் அணுவுக்கு யுகம். அதற்குள் வேறு எதனோடாவது மோதினால் ஆற்றல் பறிபோய்விடும், சிவப்பு வராது. 200 கி.மீ.க்குக் கீழே காற்று அடர்த்தி கூட என்பதால் மோதல் அதிகம். அங்கே இந்தச் சிவப்பு பிறப்பதற்குள்ளேயே செத்துவிடும். மிக உயரத்திலோ அயனிகளே குறைவு. இடைப்பட்ட அந்தப் பட்டையில் ராக்கெட் மூச்சு விட்டால்தான் சிவப்பு. 2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததே, அங்கும் இதே ஆக்சிஜன், இதே 630. ஆற்றல் வந்த வழி மட்டும் வேறு.

இன்னொரு பக்கம், எலக்ட்ரான்கள் காணாமல் போன இடத்தில் அயனி மண்டலத்தில் ஓட்டை விழுகிறது. இது புதிய செய்தியல்ல. 1973 மே 14 அன்று ஸ்கைலேப் நிலையத்தைத் தூக்கிக்கொண்டு போன சாட்டர்ன்-5, அட்லாண்டிக் கடலுக்கு மேலே 1,000 கி.மீ. பரப்புக்கு எலக்ட்ரான்களைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 1985-ல் சேலஞ்சர் விண்ணோடத்தில் போன ஸ்பேஸ்லேப்-2 பயணத்தில், ஆய்வு நிலையங்களுக்கு மேலே போகும்போது வேண்டுமென்றே இன்ஜினை இயக்கி ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் நோக்கம் இன்னும் வேடிக்கை: அயனி மண்டலம் வழக்கமாகத் திருப்பியனுப்பிவிடும் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ அலைகளை, அந்த ஓட்டை வழியாக விண்மீன் மண்டலத்திலிருந்து பிடிக்க முடியுமா என்று பார்ப்பது. 2017 ஆகஸ்ட் 24-ல் தைவானின் ஃபார்மோசாட்-5 செயற்கைக்கோளோடு போன ஃபால்கன்-9 ஏறக்குறைய 900 கி.மீ. அகல ஓட்டையைப் போட்டது; ஜிபிஎஸ் கணக்கில் சுமார் ஒரு மீட்டர் பிசகு வரும் அளவு. சில மணி நேரத்தில் ஓட்டை தானாக நிரம்பிவிடும். மண்ணில் இருப்பவருக்கு உடம்புக்கு இதனால் எந்தக் கேடும் கிடையாது. ஓசோன் ஓட்டை வேறு, இது வேறு. பெயர்ப் பொருத்தத்தை வைத்துப் பயமுறுத்தும் வீடியோக்களை நம்பத் தேவையில்லை.

அளவையும் சொல்லிவிட வேண்டும். ஃபால்கனின் மேலடுக்கு இன்ஜின் முழு வேகத்தில் நொடிக்குக் கால் டன்னுக்கு மேல் வாயுவைக் கக்கும். பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 2024 ஜனவரியில் எக்ஸ்போசாட்டை விட்டுவிட்டு அந்த அடுக்கை 650-லிருந்து 350 கி.மீ.க்கு இறக்கினார்கள், விண்வெளியில் குப்பை சேராமல் இருக்க இஸ்ரோ செய்யும் நல்ல காரியம். உயரம் சிவப்புக்கு ஏற்றதுதான், ஆனால் மூச்சு சின்ன மூச்சு. ஃபால்கன் அளவுக்குச் சிவப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

காவலூருக்கு இதனால் என்ன?

ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். வேணு பாப்பு 1960-களின் கடைசியில் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இருட்டு. தெற்கு வானமும் கணிசமாகத் தெரியும். 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய அவதானிப்புகளில் இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி பாப்புவின் பெயரிலேயே 1986 முதல் இயங்குகிறது.

630 நானோமீட்டர் என்பது காவலூருக்குப் புதிதல்ல. எந்த இரவிலும், ராக்கெட் எதுவும் போகாவிட்டாலும், வானம் அந்த நிறத்தில் மிக மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. இரவு வானொளிர்வு என்று அதற்குப் பெயர். விண்மீனைப் படிப்பவருக்கு அது கழித்துத் தள்ள வேண்டிய தொந்தரவு; அயனி மண்டலத்தைப் படிப்பவருக்கோ அதுதான் பாடப் புத்தகம். காவலூரிலும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலும், முழுவானக் கேமராவில் இந்தச் சிவப்பைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டை ஒட்டிய அயனி மண்டலம் கொதிக்கும் உலைபோல ஆகிவிடும். எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் அடியிலிருந்து கிளம்பி மேலே போகும். சிவப்புப் படத்தில் அவை வடக்கு-தெற்காகக் கிடக்கும் கருப்புப் பட்டைகளாகத் தெரியும். ஜிபிஎஸ்ஸும், நம் நாவிக்கும், செயற்கைக்கோள் தொலைபேசியும் ராத்திரியில் தடுமாறுவதற்கு இந்தக் குமிழ்கள் ஒரு காரணம். அவை எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் இத்தனை வருட ஆராய்ச்சி.

இப்போது அந்த வானத்தில் ஒரு பெரிய ராக்கெட் அடுக்கு மூச்சு விட்டால்? முதலில் இயற்கையில் இல்லாத ஒரு சிவப்புத் திட்டு. அது அடங்கியதும் எலக்ட்ரான் இல்லாத ஒரு கருப்பு. அருகில் இயற்கையான குமிழும் இருந்தால், எது வானம் செய்தது, எது மனிதன் செய்தது? ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்றால் குறித்து வைத்துக்கொண்டு ஒதுக்கிவிடலாம். 2024-ல் மட்டும் உலகம் முழுக்க 250-க்கும் மேற்பட்ட விண்வெளி ஏவுதல்கள் நடந்தன. அதில் 130-க்கும் மேல் ஃபால்கன். செயற்கைக்கோள் குறுக்கே போய்ப் படத்தில் கோடு விழுவதைப் பற்றி உலகமே பேசுகிறது. அடுக்கை இறக்கும்போது விழும் இந்தத் திட்டைப் பற்றிப் பேச்சு குறைவு. இத்தனைக்கும் தீர்வு அவ்வளவு கஷ்டமானதாகத் தெரியவில்லை: எந்த நேரத்தில், எந்த இடத்துக்கு மேலே இன்ஜினை இயக்கப்போகிறோம் என்று வானாய்வகங்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி சொன்னாலே பாதிக் குழப்பம் போய்விடும். அடுக்குகள் விழப்போகும் கடற்பகுதியைக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் ஏற்கெனவே அறிவிக்கிறார்கள்.

பார்த்தால் எப்படிப் பிரிப்பது?

சூரியன் மறைந்து அல்லது உதிக்க இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள், வெண்மையாகவோ நீலமாகவோ விரிந்து நகர்ந்தால் அது கடன் வெளிச்சம். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் என்றால் செங்கத்தில் வடகிழக்கில் ஏறி, கிழக்கே நகர்ந்து, பிஎஸ்எல்வி ஆனால் தென்கிழக்காக இறங்கும். சுருள்போலச் சுழன்றால், வேலை முடிந்த அடுக்கு சுழன்றபடியே மிச்ச எரிபொருளைக் கொட்டுகிறது என்று அர்த்தம். 2025 மார்ச் 24 இரவு ஐரோப்பா முழுக்கப் பார்த்த நீலச் சுருள் அதுதான்.

நல்ல இருட்டில், நகராமல், ஓரம் மழுங்கிய சிவப்புத் திட்டாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மங்கினால் மூன்றாம் வகையாக இருக்கலாம். கண் இருட்டில் சிவப்பைச் சரியாகப் பார்க்காது, கைபேசி பார்க்கும். மாடிச் சுவரில் கைபேசியைச் சாய்த்து வைத்து, இரவுப் பயன்முறையில் பத்து நொடி திறந்து வைத்தால் போதும். படத்தோடு நேரத்தை நிமிடம் தவறாமல் குறித்து, பக்கத்தில் தெரிந்த ஒரு நட்சத்திரத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தால், அந்தத் திட்டு எந்தத் திசையில், அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே இருந்தது என்று கணக்கிட முடியும். இன்னோர் ஊரிலிருந்து அதே நிமிடத்தில் எடுத்த படமும் கிடைத்தால் உயரமும் தெரிந்துவிடும். 1963-ல் தும்பாவின் ஆரஞ்சுக் கோட்டை அளந்ததும் இதே முறையில்தான்.